நீல ஜிமிக்கி

பிஸ்கட் டப்பாவைத் திறந்ததும் பசை வாசம் வந்தது. இத்தனை வருடமாகியும் போகாத வாசம். உள்ளே என் நகைகள். தங்கம் என்று நினைத்துவிடாதீர்கள், எல்லாம் நூல். நூல் சுற்றிய வளையல்கள், குஞ்சம் தொங்கும் மாலை, வெட்டுத்துணியில் தைத்த கைப்பை, ஒரு ஜோடி நீல ஜிமிக்கி. அத்தனையும் சாந்தாமணி அக்கா எனக்காகச் செய்து கொடுத்தவை. அக்கா போய்ச் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது. நேற்று அவள் மகள் போன் செய்ததால்தான் டப்பா வெளியே வந்தது.

"அம்மா செஞ்சது எங்கூட்டுல ஒண்ணுகூட இல்லீங்க்கா. கல்யாணத்துக்குப் போட்டுக்கலாம்னு பாத்தேன். உங்ககிட்ட ஏதாச்சும் இருக்குங்ளா?"

இருக்கிறது, வா என்றேன். போனை வைத்ததும் நான் செய்த முதல் காரியம், ஜிமிக்கியை எடுத்துப் பீரோவில் பட்டுச்சேலைக்கு அடியில் ஒளித்ததுதான். ஐம்பது வயதில் மிட்டாய் ஒளிக்கும் புத்தி. வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் ஒளித்தேன்.

அந்தக் காலத்தில் குமாரபாளையத்தில் ஒரு ஜவுளிக் கம்பெனியில் எனக்குக் கணக்கு எழுதும் வேலை. அக்கா துணி மடிக்கும் பக்கம். தறிச் சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டும். இன்றும் நான் போனில் பேசினால் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கிறார், அந்தப் பழக்கம்தான். தறிக்கு நூல் சுற்றி வரும் கோனில் மிஞ்சும் நூலை முதலாளியிடம் சொல்லிவிட்டு அக்கா முந்தானையில் முடிந்துகொள்வாள். மதியம் சோறு தின்ற கையோடு அது வளையலாகிவிடும். அளவுக்கு என் பழைய வளையலை வாங்கி வைத்திருந்தாள். "கையக் குடு சாமி" என்று மாட்டிவிட்டு என் முகத்தையே பார்ப்பாள். நான் ஆகா ஓகோ என்பேன். அப்படிச் சொன்னால் அடுத்தது வரும் என்று எனக்குத் தெரியும்.

ஜிமிக்கியை மட்டும் அவள் வீட்டில் வைத்துக் கொடுத்தாள். பவானிப் பாலத்துக்குப் பக்கத்தில் ஒற்றை அறை. ஆற்றுக் காற்றில் சாயவாடை அடிக்கும். மகளுக்கு அப்போது ஆறேழு வயது. ஜிமிக்கியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, தனக்கு வேண்டும் என்றாள்.

"நீ பிச்சுப் போட்ருவ. பெருசானதும் இதவிட நல்லதாச் செஞ்சு தாரேன்" என்றாள் அக்கா.

பிள்ளைக்கே கொடுங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் காதில் மாட்டிக்கொண்டு, கண்ணாடி எங்கே என்று கேட்டுவிட்டேன். பிறகு கம்பெனியை மூடினார்கள். மிஞ்சும் நூலும் நின்றது. அக்கா ஒரு மளிகைக் கடையில் நாளெல்லாம் கால் கடுக்க நின்றாள். மகள் வளர்ந்தாள்.

இன்று காலை வந்தவள் முன்னால் டப்பாவை வைத்தேன். சிவப்பு வளையலை எடுத்துப் போட்டாள். விரல் முட்டியோடு நின்றுவிட்டது. எண்ணெய் தடவலாமா என்று கேட்டேன். நூல் வளையலுக்கு எண்ணெய் தடவச் சொன்ன புத்திசாலி நானாகத்தான் இருப்பேன்.

"பரவால்லீங்க்கா. உங்க கை அளவுக்குச் செஞ்சதுதானுங்களே."

அவள் குத்திக் காட்டவில்லை, உள்ளதைச் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது. அவள் அம்மாவின் மதிய நேரம் முழுக்க என் கைக்கே போயிருக்கிறது.

எழுந்து போய் ஜிமிக்கியைக் கொண்டுவந்தேன். கைமறதியாக வேறு இடத்தில் இருந்தது என்று ஒரு பொய்யும் சொன்னேன். உள்ளங்கையில் வைத்து, சின்ன வயதில் செய்தது போலவே தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

"இதுக்குத்தானுங்க்கா வந்தேன். வாய்விட்டுக் கேக்கச் சங்கட்டமா இருந்துச்சு."

காதில் மாட்டிக்கொண்டுதான் கிளம்பினாள். கம்பெனியை இடித்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம் இருக்கிறது. அங்கேதான் அவளுக்கு முகூர்த்தம்.

அவள் போன பிறகு அந்தச் சிவப்பு வளையலை நான் போட்டுப் பார்த்தேன். எனக்கும் முட்டியைத் தாண்டவில்லை. அக்கா அளவெடுத்த அந்த ஒல்லிக் கை எப்போதோ போய்விட்டது. அதற்காகச் செய்த வளையல்கள் மட்டும் டப்பா நிறையக் கிடக்கின்றன.