பை இல்லாத சட்டை

என் கணவருக்கு எண்டோஸ்கோபி எடுக்கத் திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போயிருந்தோம். இரவிலிருந்தே வெறும் வயிறு.

"குழா உள்ள போனா மூச்சு முட்டாதாடி?" என்று எழுந்து நடப்பதும் உட்காருவதுமாகத் தவித்தார்.

"சும்மா உக்காருங்க!" என்று அதட்டினேன்.

உள்ளே அழைக்க வந்த நர்ஸ் நின்றுவிட்டார். "மீசையில இன்னாங்க, மல்லாட்டைத் தோலா?"

இவர் சட்டைப் பையில் எப்போதும் வறுத்த வேர்க்கடலை இருக்கும். பயத்தில் தன்னையறியாமல் கொறித்திருக்கிறார்!

"மயக்கத்துல வாந்தி வந்து நுரையீரலுக்குப் போயிருந்தா?" என்றார் நர்ஸ். இன்னொரு நாள் வரச் சொன்னார்கள்.

மறுபடி போன அன்று பை இல்லாத சட்டையை மாட்டிவிட்டேன். அதட்டாமல், நர்ஸையே அவருக்கு எல்லாவற்றையும் விளக்கச் சொன்னேன். பையைத் தேடிய கணவரின் கை, என் கையைப் பிடித்துக்கொண்டது. கூப்பிடும்வரை விடவில்லை.