பச்சத்தண்ணியைக் குடிகாரனாக்கிய படம்

நான் அஞ்சாம் வகுப்பைத் தாண்டாதவன். இந்த வட்டாரத்தில் பாதி வீட்டு கேட் நான் போட்டது. மழைக்கும் துருவுக்கும் அசையாது. வேண்டுமானால் போய் ஆட்டிப் பாருங்கள். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், எழுதத் தெரியாதவன் எதற்கு எழுதுகிறான் என்று யாரும் கேட்கக்கூடாது. வயிறு எரிந்தால் எழுத்து தானாக வரும்.

என் மனைவியின் தம்பி, என் மச்சினன், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறான். அவனுக்குக் கூட்டாளிகள் வைத்த பெயர் பச்சத்தண்ணி. கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் மற்றவர்கள் பந்தலுக்குப் பின்னால் ஒதுங்கும்போது, இவன் மட்டும் டம்ளர் தண்ணியோடு முன்னால் உட்கார்ந்திருப்பான். இருமல் மருந்து வாங்கினால்கூட அதில் சாராயச் சத்து இருக்கிறதா என்று கடைக்காரரைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் மூடியைத் திருகுவான். "பச்சத்தண்ணி வந்துட்டான், பாட்டிலை மறைங்கடா" என்று அவன் காதுபடவே சொல்வார்கள். சிரித்துக்கொள்வான்.

ஏன் அப்படி என்று என் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர்களுடைய அப்பா பெரிய குடிகாரர். எட்டு வயதில் இவன் சாயங்காலமானால் கடை வாசலுக்குப் போய் அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டி வருவானாம். ஒருநாள் பள்ளிக்கூடம் விடும் நேரத்தில், வாசலுக்கு எதிரே சாக்கடையில் விழுந்து கிடந்தாராம் அவர். கூடப் படித்த பிள்ளைகள் சுற்றி நின்று சிரித்திருக்கிறார்கள். அன்றோடு இவன் பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டான். லாரியில் கிளீனராகப் போய், பிறகு டிரைவராகி, கடைசியில் அதே போன்ற ஒரு பள்ளிக்கூட வாசலில் வேனோடு வந்து நின்றான். லைசென்ஸுக்கு அலைந்து வாங்கிக் கொடுத்தது நான்தான்.

பதினோரு வருஷம். எந்தத் திருப்பத்தில் எந்தப் பிள்ளை வாந்தி எடுக்கும் என்று அவனுக்குத் தெரியும்; அதற்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிடுவான். இறங்கிய பிள்ளை வீட்டுக்குள் போய்க் கதவு சாத்தும் வரை வண்டியை நகர்த்த மாட்டான். பின்னால் நிற்கிறவன் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும் என்பான்.

இப்படிப்பட்டவனைத்தான் ஊரறிந்த குடிகாரனாக்கினார்கள். எப்படி என்று சொல்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், என் பட்டறையில் ஆள் வரவில்லை. மச்சினன் உதவிக்கு வந்தான். நான் வெல்டிங் வைக்க, அவன் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டான். கண்ணாடி போடுடா என்றால் கேட்கவில்லை. வெல்டிங் வெளிச்சத்தை வெறுங்கண்ணால் பார்த்தால் கண்ணுக்குள் மணலைக் கொட்டினாற்போல் ஆகிவிடும். ரெண்டு மணி நேரத்தில் கண் மிளகாய்ப் பழமாகச் சிவந்து, இமை வீங்கி, சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டுச் சுவரில் சாய்ந்துவிட்டான். காலடியில் பச்சை நிற பாட்டில் ஒன்று. உள்ளே பெயிண்டில் கலக்கிற தின்னர்.

நான் போனை எடுத்து ஒரு படம் பிடித்தேன். "என் மச்சினன், உழைப்பாளி" என்று எழுதி இணையத்தில் என் பக்கத்தில் போட்டேன். நான் போட்ட கேட்டெல்லாம் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஊரே பார்க்கட்டும் என்று பூட்டு எதுவும் போடாமல் திறந்து வைத்திருந்தேன். என் மகள் கல்யாணத்தில் அவன் மடிப்புச் சட்டையோடு சிரிக்கிற படமும் அங்கேயே இருந்தது.

நாலு மாதம் கழித்து ஒருநாள் காலையில் பள்ளிக்கூடத் தலைமையாசிரியை அவனைக் கூப்பிட்டு, வண்டி எடுக்க வேண்டாம், கொஞ்ச நாள் ஓய்வில் இருங்கள் என்று சொல்லிவிட்டார். காரணம் கேட்டதற்குப் போனைத் திருப்பிக் காட்டினார். பெற்றோர் குரூப்பில் ஒரு விளம்பரம். இடது பக்கம் என் பட்டறையில் சாய்ந்து கிடக்கிற படம். பாட்டில் நன்றாகத் தெரியும்படி வெட்டியிருந்தார்கள். வலது பக்கம் கல்யாணப் படம். நடுவில் ஒரு டப்பா. புருஷனுக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுத்தால் குடியை மறக்கடிக்கிற பொடியாம். கீழே எவனோ ஒருவனுடைய பெயர். "பன்னிரண்டு வருடக் குடியை இருபத்தொரு நாளில் விட்டேன், என் மனைவிக்கு நன்றி" என்று இவன் சொன்னதாக எழுத்து.

"நம்ம பிள்ளைகளை இவனா ஏத்திட்டுப் போறான்?" என்று அதற்குக் கீழே ஒரு தாய் கேட்டிருந்தாள். அதற்கப்புறம் வந்ததையெல்லாம் நான் இங்கே எழுத மாட்டேன்.

பனைமரத்தடியில் பால் குடித்தாலும் கள் என்பார்கள் என்று ஒரு பழமொழி இருக்கிறதே, இவன் மரத்துப் பக்கமே போகாதவன். மரத்தைப் பெயர்த்துக்கொண்டு வந்து இவன் தலைமாட்டில் நட்டுவிட்டான்கள் பாவிகள்.

அந்தப் படம் எங்கிருந்து போனது என்று என் மகள்தான் கண்டுபிடித்துச் சொன்னாள். என் பக்கத்திலிருந்துதான். மச்சினன் என் முகத்தைப் பார்க்காமலே, "விடுங்க மாமா, பெருமைக்குத்தானே போட்டீங்க" என்றான். ரெண்டு அறை அறைந்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

பொதுவாக எல்லோரும் சொல்கிறதைத்தான் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். நம்ம மூஞ்சியை எவன் திருடப் போறான், நாம என்ன ராஜாவா மந்திரியா என்று. அட மடையா என்று இப்போது என்னையே திட்டிக்கொள்கிறேன். திருடனுக்கு ராஜா மூஞ்சி வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரன் மூஞ்சிதான் வேண்டும். அதைத்தானே ஜனம் நம்பும்?

சரி, இல்லையென்று நிரூபிப்போம் என்று கிளம்பினோம். டாக்டரிடம் போனால், இன்றைக்கு இவர் ரத்தத்தில் சாராயம் இல்லை என்று எழுதித் தருகிறேன், இதுவரைக்கும் குடித்ததே இல்லை என்று நான் எப்படிய்யா எழுதுவது என்றார். நியாயம்தான். குடிக்கிறவன் குடித்தான் என்பதற்கு ஆயிரம் அத்தாட்சி. குடிக்காதவனுக்கு எந்த ஆபீஸில் முத்திரை குத்துகிறார்கள்? அந்த விளம்பரத்தை ஓட்டுகிற இணையக் கம்பெனிக்கு என் மகள் புகார் எழுதினாள். படத்தில் இருப்பது நீங்கள்தான் என்பதற்கு அடையாள அட்டையை அனுப்புங்கள் என்று பதில் வந்தது. திருடினவனிடம் அட்டை கேட்கவில்லை, பறிகொடுத்தவனிடம் கேட்கிறார்கள். அனுப்பினோம். விளம்பரம் மறைந்தது. மூன்றாம் நாள் வேறு பெயரில், வேறு வயதில், வேறு ஊர்க்காரனாக அதே மூஞ்சி திரும்பி வந்தது.

இணையக் குற்றப் புகார் ஆபீஸில் இன்னும் அழகு. பணம் எவ்வளவு போச்சு என்று கேட்டார் அங்கிருந்தவர். பணம் போகவில்லை சார், பேர் போயிருக்கிறது என்றேன். அதற்கு இதில் கட்டம் இல்லையே, ஏதாவது ஒரு தொகை போட்டால்தான் கம்ப்யூட்டர் அடுத்த பக்கம் போகும் என்றார். நூறோ இருநூறோ போடுங்கள் என்று நான் சொல்லியேவிட்டேன். மச்சினன் ஒத்துக்கொள்ளவில்லை. "பொய்ப் படத்துக்கு எதிரா பொய்க் கணக்கா மாமா?" என்றான். கடைசியில் வெள்ளைத்தாளில் கைப்பட எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம்.

எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் பட்டறையில் கிரைண்டரை நிறுத்தச் சொல்லிவிட்டு, விளம்பரத்தில் இருந்த நம்பரைப் போட்டேன். மச்சினன் பக்கத்தில் நின்றான். தேன் ஒழுகும் குரலில் ஒரு பெண் பேசினாள். படத்தில் இருக்கிறவர் நிஜமான ஆள்தானா என்று கேட்டேன்.

"நிஜம்தான் சார். எங்க கஸ்டமர். நானே அவர்கிட்ட பேசியிருக்கேன். இப்ப குடும்பமா சந்தோஷமா இருக்காங்க."

மச்சினன் போனை என் கையிலிருந்து வாங்கினான்.

"அம்மா, அந்தப் படத்துல இருக்கறவன் நான்தான்."



"ரொம்ப சந்தோஷம் சார். உடம்பு இப்ப எப்படி இருக்கு? ரெண்டாவது கோர்ஸ் அனுப்பட்டுமா?"

பட்டறையில் வேலை செய்கிறவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. முகத்தையும் திருடி, அதன் சொந்தக்காரனிடமே மருந்தும் விற்கிறாள் ஒருத்தி!

என் போனில் எல்லாப் பேச்சும் பதிவாகும். கேட் ஆறடி என்று சொன்னவன், செய்து முடித்ததும் ஏழடி என்றுதானே சொன்னேன் என்பான். அந்த வம்புக்காக வைத்திருக்கிறேன். அதை எடுத்துக்கொண்டு, மச்சினனையும் இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்தில் நடந்த பெற்றோர் கூட்டத்துக்குப் போனேன். எனக்கு அழைப்பு இல்லை. நான் போட்ட கேட் வழியாக நான் உள்ளே போவதற்கு யார் அழைக்க வேண்டும்?

போனை மேஜைமேல் வைத்துப் போட்டுக் காட்டினேன். ரெண்டாவது கோர்ஸ் என்று வந்ததும் சிலர் சிரித்தார்கள், பிறகு தலையைக் குனிந்துகொண்டார்கள். படத்தை முதலில் குரூப்பில் அனுப்பியவர் எழுந்து, எனக்கு வந்ததை அனுப்பினேன், அவ்வளவுதானே என்றார். "தெருவுல போற வெறிநாயை ஊர்க்காரன் வீட்டுக்குள்ள விட்டுட்டு, கதவைத்தான் திறந்தேன்னு சொல்லுவீங்களா சார்?" என்று கேட்டேன். உட்கார்ந்துவிட்டார்.

தலைமையாசிரியை நல்ல மனுஷி. எல்லோர் முன்னாலும் வருத்தம் தெரிவித்து, திங்கட்கிழமை வந்துவிடுங்கள் என்று வேன் சாவியை மேஜைமேல் நகர்த்தி வைத்தார். பிரச்சினை முடிந்தது என்று நான் எழுந்தேவிட்டேன். மச்சினன் சாவியை எடுக்கவில்லை. சுவரில் இருந்த பெரிய டி.வி.யைக் காட்டினான். பள்ளிக்கூடத்தின் இணையப் பக்கம் அதில் ஓடிக்கொண்டிருந்தது. பரிசுக் கோப்பையோடு பிள்ளைகள், பிறந்தநாள் பிள்ளைகள், ஒவ்வொன்றுக்கும் கீழே பெயர், வகுப்பு, பின்னால் வேன், அதன் நம்பர். ஒரு படத்தில் எந்த நிறுத்தத்தில் யார் ஏறுகிறார்கள் என்கிற பட்டியலே இருந்தது.

"நான் நாப்பத்தஞ்சு வயசு ஆம்பளை. என் மூஞ்சியை எடுத்ததுக்கே, இல்லேன்னு சொல்ல எனக்கு வாய் இல்லாமப் போச்சு. இதுங்களுக்கு யாரும்மா பேசுவா? இதை எடுங்க, நான் வண்டியை எடுக்கறேன்."

அவன் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. கிடைத்த வேலையை ஏன்டா தள்ளுகிறாய் என்று காலால் இடித்துப் பார்த்தேன், அசையவில்லை. தலைமையாசிரியை, அது பெற்றோருக்குப் பிடித்த விஷயம், யோசித்துச் சொல்கிறோம் என்றார். அப்படியென்றால் நானும் யோசித்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டான். அன்று வீட்டில் என் மனைவி அவனைத் திட்டிய திட்டு இன்னும் என் காதில் இருக்கிறது. வேலை போனால் யார் சோறு போடுவது, ஊரைத் திருத்த நீ யார் என்று கேட்டாள். 

ஒன்பது நாள் போனது. மாற்று டிரைவர் பிள்ளைகளை இறக்கிவிட்டதும் பறந்துவிடுகிறான் என்று தாய்மார்கள் முணுமுணுத்தார்கள். குரூப்பில் முதலில் "இவனா" என்று கேட்டாளே, அந்தத் தாய் பள்ளிக்கூடப் பக்கத்தைத் திறந்து கீழே எழுதியிருக்கிறதையெல்லாம் உட்கார்ந்து படித்திருக்கிறாள். முன்பின் தெரியாத ஒருவன் அவள் மகளின் ஒவ்வொரு படத்துக்கும் கீழே வந்து, பாப்பா எந்த நிறுத்தத்தில் இறங்கும் என்று மூன்று தரம் கேட்டிருந்தான். யாரோ ஒரு நல்லவர் பதிலும் சொல்லியிருந்தார். அவள் போனைப் பிடித்துக்கொண்டு ஆபீஸுக்கே ஓடினாள். அன்று மாலைக்குள் படங்கள் ஒன்றுவிடாமல் இறக்கப்பட்டன. என் பக்கத்தையும் என் மகள் பூட்டிவிட்டாள். இப்போது தெரிந்தவர்கள் மட்டும்தான் பார்க்க முடியும். ஆர்டர் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

விளம்பரம் இன்னும் ஓடுகிறது. போன வாரம் மச்சினன் ஓய்வுபெற்ற ராணுவ வீரனாம். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் நான் அந்தப் புகார் ஆபீஸில் போய் உட்காருகிறேன். என்னைப் பார்த்தாலே அங்கிருக்கிறவர் பேனாவைத் தேடுகிறார். தேடட்டும், நான் விடுவதாக இல்லை.

அவன் மறுபடி வண்டி எடுத்த காலையில் நானும் ஸ்கூட்டரில் பின்னாலேயே போனேன். நாலாவது நிறுத்தத்தில் அந்தத் தாய் நின்றிருந்தாள். கண் கலங்கியிருந்தது. போனைத் தூக்கி, "அண்ணே, பாப்பாகூட ஒரு நிமிஷம் நில்லுங்க. நீங்க திரும்பி வந்துட்டீங்கன்னு குரூப்ல போடறேன்" என்றாள்.

"வேண்டாம்மா. பிள்ளையை ஏத்துங்க, நேரமாச்சு" என்றான் மச்சினன்.