மல்லவ்வாவின் முகம்

ஹைதராபாத் அமீர்பேட்டையில் நாலாவது மாடி. குழந்தைகளுக்குத் தெலுங்கில் கதை சொல்லும் யூடியூப் சேனல். அதில் நாயகி மல்லவ்வாவின் முகத்தை வாரத்துக்கு வாரம் மாறாமல் கொண்டுவருவது யாதகிரியின் வேலை. முகத்தை வரைவது ஏஐ மென்பொருள். அதற்காக அவன் திரையில் நூற்று நாற்பது பெட்டிகள், ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கம்பி இழுத்துக் கோத்தவை. எந்தப் பெட்டிக்கு எந்த எண், எந்த வாக்கியம் என்று பதினோரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்திருந்தான். பெண் பார்க்கும் விஷயத்தில் இதில் பாதி அக்கறை காட்டியிருந்தால் கல்யாணமே ஆகியிருக்கும்.

அத்தனை பெட்டிகளையும் ஒரே படமாக எடுத்துத்தர அந்த மென்பொருளோடு ஒட்டிக்கொள்ளும் இலவச ஆட்-ஆன் ஒன்று உண்டு. மொத்த அமைப்பையும் அது அந்தப் படத்துக்குள்ளேயே ஒளித்து வைத்துவிடும். படத்தைத் திரும்ப மென்பொருளில் போட்டால் பெட்டிகள் அப்படியே வந்து நிற்கும். அதை நம்பி யாதகிரி வேறு நகலே வைக்கவில்லை. சனிக்கிழமைதோறும் படத்தைத் தன் வாட்ஸ்அப்புக்கே அனுப்பிக்கொள்வான். பெரிய கெட்டிக்காரன் என்று நினைப்பு.

ஒரு செவ்வாய்க்கிழமை கம்ப்யூட்டரின் டிஸ்க் செத்தது. வேறு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து வாட்ஸ்அப்பிலிருந்து படத்தை எடுத்துப் போட்டான். ஒரு பெட்டியும் வரவில்லை. பழைய படங்களையும் ஒவ்வொன்றாகப் போட்டான். ஊஹூம்.

பக்கத்து இருக்கை ஸ்வரூபா எட்டிப் பார்த்தாள்.

“ஃபோட்டோவாவா அனுப்புனீங்க? டாக்குமெண்ட்டா அனுப்பலியா?”

“படம்தானேன்னு...”

“போச்சு போங்க. வாட்ஸ்அப் அமுக்கிச் சின்னதாக்குறப்ப உள்ள இருக்கறத எல்லாம் வழிச்சு எறிஞ்சிடும்ணா. இது இப்ப வெறும் படம்.”

அந்த வெறும் படத்தைப் பார்த்தே பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கட்ட ஆரம்பித்தான். எண்கள் மங்கிக் கிடந்தன. மூன்றா எட்டா என்று தெரியவில்லை. நீளமான வாக்கியங்கள் பெட்டியின் ஓரத்தோடு வெட்டுப்பட்டிருந்தன. சாயும் பிஸ்கட்டுமாக மூன்று நாள் போயிற்று. வெள்ளிக்கிழமை காலை முகம் வந்தது. மூக்கு அவளுடையதுதான். ஆனால் அவள் இல்லை. யாதகிரி பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதான். பிறகு முதலாளி நரசய்யாவிடம் போனான்.

“சார், மல்லவ்வா போயிட்டா. என் தப்புதான். ராஜினாமா எழுதிக் குடுத்துட்டுப் போயிடறேன்.”

நரசய்யா திரையைப் பார்த்தார். “இதுக்கென்னய்யா கொறச்சல்? கண்ணு ரெண்டு இருக்கு, மூக்கு ஒண்ணு இருக்கு. ஏத்திவிடு.”

“வேற பொண்ணு சார் இது!”

“பாக்கறது சின்னப் புள்ளைங்கய்யா. உன் கண்ணுக்குத்தான் வேற.”

மதியம் ஏற்றிவிட்டார்கள். யாதகிரி போனும் கையுமாக உட்கார்ந்தான். ஒரே ஒரு குழந்தையாவது இது யாரென்று கேட்கட்டும், திட்டினாலும் பரவாயில்லை என்றிருந்தது அவனுக்கு. சாயங்காலத்துக்குள் நானூறு பேர் எழுதியிருந்தார்கள். இதயம் போட்டிருந்தார்கள், அடுத்த கதை எப்போது என்று கேட்டிருந்தார்கள். கடைசிவரை படித்தான். மல்லவ்வா எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

சேனலின் பழைய கதையிலிருந்து ஒரு முகத்தை எடுத்துப் புதியதன் பக்கத்தில் வைத்து ஸ்வரூபாவைக் கூப்பிட்டான். பதினோரு மாதமும் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தவள் அவள். வந்து குனிந்து, இரண்டையும் மாறி மாறி வெகுநேரம் பார்த்தாள்.

“இதுல எதுண்ணா பழசு?” என்றாள்.