சந்தனம் வைத்த நான்கு பிளக்குகள்

பெட்ரோல் வண்டி வேலை பழக வருகிறவர்களுக்கு நான் முதலில் கற்றுக்கொடுப்பது ஸ்பானர் பிடிப்பதை அல்ல. என் கடை திறந்த நாளில் நடந்த கூத்தைச் சொல்வேன். சிரித்துவிட்டுப் போகட்டும், ஆனால் மறக்க மாட்டார்கள்.

1. போணி

செங்கல்பட்டில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் பத்து வருடம் வேலை பார்த்துவிட்டு, தொண்ணூறுகளின் கடைசியில் உத்திரமேரூர் ஏரிக்கரைப் பக்கம் தகர ஷெட் போட்டுச் சொந்தக் கடை திறந்தேன். என் மனைவி மல்லிகா காலை ஏழு மணிக்கே வந்து கோலம் போட்டு, ஸ்பானர் செட், ஜாக்கி, ஆயில் கேன் என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் எனக்கும் நாலு பக்கம் வைத்திருப்பாள். தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டி முடித்தோம். பிறகு இரண்டு பேரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

எட்டரை மணிக்கு ஒரு பெரிய வண்டி விக்கி விக்கி வந்து கடை முன்னால் நின்றது. இன்று எஸ்.யூ.வி என்கிறார்கள், அன்று எங்கள் ஊரில் அதற்குப் பெயர் பெரிய வண்டிதான். எட்டு சீட், அதிலும் பெட்ரோல். சுற்று வட்டாரத்தில் அப்படி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பஜாரில் ஹார்டுவேர் கடை வைத்திருந்த கஃபூர் பாயின் வண்டி. முகமே தெரியாமல் மல்லிகைச் சரம் தொங்க, பின் சீட்டில் அவர் மகன் ரஹீம் மாப்பிள்ளைக் கோலத்தில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அவன் அம்மா.

"இன்னாப்பா சேகரு, வண்டி இழுக்கவே மாட்டேங்குது. பதினோரு மணிக்குக் காஞ்சிபுரத்துல நிக்கா" என்றார் பாய்.

"மத்தவங்கல்லாம்?"

"பஸ்ஸு புடிச்சி ஏழு மணிக்கே அனுப்பிட்டேன். மாப்ள மட்டும்தான் பாக்கி. நிக்கா செஞ்சி வைக்கிற ஹஜரத்துக்குப் பன்னெண்டு மணிக்கு வேற ஊர்ல இன்னொரு நிக்கா கீதாம். லேட்டானா அவரு கெளம்பிடுவாரு."

அன்று முகூர்த்த நாள் வேறு. ஊரில் இருந்த வாடகைக் கார் எல்லாம் ஏதாவது ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தன. பூச்சரத்தோடு மாப்பிள்ளையை டவுன் பஸ்ஸில் ஏற்ற முடியாது. காஞ்சிபுரம் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இந்த மாப்பிள்ளை நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்றால் அது என் கையில்தான் இருந்தது.

2. எட்டு மாத ஊர்கோலம்

பானெட்டைத் தூக்கி நான்கு பிளக்கையும் கழற்றினேன். உள்ளே நெருப்புப் பொறி குதிக்கும் முனை நான்கிலும் தேய்ந்து மொட்டையாகிக் கிடந்தது. முனைக்கு நடுவே இருக்க வேண்டிய இடைவெளி, நாங்கள் கேப் என்போம், இரண்டு மடங்காகியிருந்தது. "இத்த எப்போ மாத்துனீங்க பாய்?" என்றேன். பாய் ஏரியைப் பார்த்தார்.

அவர் மனைவி உள்ளேயிருந்து சொன்னார். "டேஷ்போர்டுல புது பிளக்கு கீதுப்பா. வண்டிய எங்களுக்கு வித்த மெட்ராஸ்காரரு அப்பவே குடுத்தாரு. ஓடுற வரிக்கும் ஓடட்டும்னு இவுரு எட்டு மாசமா அத்த ஊர்கோலம் இட்டுக்கினு போறாரு."

பிழைத்தேன் என்று நினைத்தேன். புது பிளக்கைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கேப் அளந்து வரிசையாக வைத்தேன். மாட்டப் போகும்போது மல்லிகா சந்தனக் கிண்ணத்தோடு வந்து நின்றாள்.

"ஏங்க, கடைக்கு மொத சாமான். பொட்டு வெக்காம மாட்டாதீங்க."

பாய் வீட்டு வண்டி ஆயிற்றே என்று நான் தயங்கினேன். பாயே சொன்னார். "வையி தங்கச்சி. தர்காவுல சந்தனம் பூசறவங்கதானே நாங்களும். குங்குமம் மட்டும் வோணாம்."

பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனம். குங்குமம் வைக்காத குறைக்கும் சேர்த்துத் தாராளமாகவே வைத்தாள். பிளக்கில் இரும்பான பாகம் இருக்கிறது, வெள்ளையாகப் பீங்கான் பாகம் இருக்கிறது. "வெள்ளையா கீற எடத்துல வெச்சாத்தான் எடுப்பா கீது" என்று நான்கிலும் பீங்கான் மேலேயே வைத்தாள். நானும் நல்ல பிள்ளையாக மாட்டி, ஒயரைச் செருகி, சாவியைத் திருப்பினேன்.

வண்டி சாமி வந்த மாதிரி ஆடியது. முன்பாவது விக்கிக்கொண்டு ஓடியது. இப்போது நிற்கிற இடத்திலேயே உதறியது.

"சந்தன வாசம் சும்மா கமகமன்னு வருது. நல்ல சகுனம்" என்றார் பாய் மனைவி.

"வண்டி போனாத்தாம்மா சகுனம்" என்றான் ரஹீம் பூச்சரத்துக்குள்ளிருந்து.

மல்லிகா என் காதருகில் வந்தாள். "ஏங்க, நான் வெச்ச சந்தனம் எதுனா பண்ணுதா?"

"உனுக்கு ஒண்ணும் தெரியாது, போ. சந்தனத்துக்கும் இஞ்சினுக்கும் இன்னா சம்மந்தம்?" என்று எல்லோர் முன்னாலும் எரிந்து விழுந்தேன். அவள் முகம் சுண்டிப் போனது. ஓரமாகப் போய் அந்தக் கிண்ணத்தையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

பொறி போக வேண்டிய ஒயர் வரிசை பார்த்தேன், ஒன்று மூன்று நான்கு இரண்டு, சரியாக இருந்தது. நான்கு பிளக்குக்கும் கரண்டைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் துடைத்தேன். கார்புரேட்டரைச் சந்தேகப்பட்டேன். பிளக் செய்த கம்பெனியைத் திட்டினேன். மணி ஒன்பதே கால். பாய் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு என்னையே பார்க்க ஆரம்பித்தார்.

3. தார்ப்பாய்க்குள் வாணவேடிக்கை

கரண்ட் எங்காவது கசிந்தால் இருட்டில் கண்ணுக்குத் தெரியும். காலை ஒன்பது மணிக்கு இருட்டுக்கு எங்கே போவது? ஷெட்டில் கிடந்த தார்ப்பாயை பானெட் மேல் போர்த்தி, இஞ்சினை ஓடவிட்டு, அதற்குள் தலையை நுழைத்தேன். பாயும் நுழைந்தார். சும்மா இருக்க முடியாமல் மாப்பிள்ளையும் பூச்சரத்தைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நுழைந்தான்.

மல்லிகா வைத்த ஒவ்வொரு பொட்டின் மேலும் நீல நிறத்தில் கரண்ட் ஊர்ந்துகொண்டிருந்தது. இஞ்சினுக்குள் போய்ப் பற்ற வேண்டிய பொறி, கரண்டைத் தடுக்க வேண்டிய பீங்கான் மேல் ஈரச் சந்தனத்தில் சுலபமாக வழி கிடைத்ததும் வெளியிலேயே இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. கமகம வாசம் வந்ததும் அதனால்தான். சந்தனம் சூட்டில் வெந்துகொண்டிருந்தது.

"அண்ணே, மத்தாப்பு மாதிரி கீது" என்றான் ரஹீம்.

"நிக்காவுக்கு முன்னாடியே வாணவேடிக்க வுட்டுட்ட சேகரு" என்றார் பாய்.

முதலில் யார் சிரித்தது என்று ஞாபகம் இல்லை. மூன்று தலையும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளச் சிரித்தோம். ஃபேன் காற்றில் மல்லிகைப் பூ உதிர்ந்து எங்கள் முகத்தில் அடித்தது. வெளியே நின்றவர்களுக்குத் தார்ப்பாய் குலுங்கியது மட்டும்தான் தெரிந்திருக்கும்.

இஞ்சினை நிறுத்தி பிளக்குகளைக் கழற்றினேன். துடைக்க என் கடையில் எண்ணெய் படாத துணி ஒன்றுகூட இல்லை. மாப்பிள்ளை தன் அத்தர் பூசிய கைக்குட்டையைக் கொடுத்தான். பெட்ரோல் தொட்டு, பீங்கான் பளபளக்கும் வரை துடைத்து, காயவிட்டு மாட்டினேன். சாவியைத் திருப்பியதும், "ஓடுதா, இல்லியா?" என்று பாய் கேட்டார். அவ்வளவு அமைதியாக ஓடியது.

"வழியில நின்னா இன்னா பண்றது? நீயும் ஏறு" என்றார் பாய். ஒரு காலை உள்ளே வைத்துவிட்டேன். கிண்ணத்தோடு நின்றவளைப் பார்த்ததும் மேலே ஏற மனம் வரவில்லை. இறங்கிப் போனேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

"மல்லிகா, நீ சொன்னதுதான்."

"எது?"

"சந்தனம்தான்."

"சந்தனத்துக்கும் இஞ்சினுக்கும் இன்னா சம்மந்தம்?" என்றாள், என் குரலிலேயே.

வண்டிக்குள் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. பாய் மனைவி கதவைத் திறந்து அவள் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். திறந்த அன்றே, பத்து மணிகூட ஆகாத நேரத்தில், கடையைப் பூட்டிவிட்டு நாங்களும் கல்யாணத்துக்குப் போனோம். பதினொன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பெண் வீட்டு வாசலில் வண்டி நின்றது. ஆயில் சட்டையோடு பந்தியில் உட்கார்ந்து இரண்டு முறை பிரியாணி வாங்கிச் சாப்பிட்டேன். மல்லிகாவைச் சுற்றி ஒரு கூட்டமே உட்கார்ந்து சந்தனக் கதை கேட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அதில் நான் இன்னும் கொஞ்சம் முட்டாளாகிக்கொண்டே போனேன்.

தொழிலுக்கு வருகிறவர்களே, வண்டி மக்கர் செய்தால் கடைசியாக அதில் எது மாறியது என்று முதலில் பாருங்கள். பக்கத்தில் நிற்கிறவர் ஏதாவது கேட்டால், அவருக்கு ஸ்பானர் பிடிக்கத் தெரியாவிட்டாலும், ஒரு நிமிடம் நின்று யோசித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். நான் யோசித்திருந்தால் அரை மணி நேரம் மிச்சம், அவள் முகமும் வாடியிருக்காது.

கடைக்குப் புது பிளக் வந்தால் மல்லிகா இன்றைக்கும் சந்தனம் வைக்கிறாள். அட்டைப் பெட்டியின் மேல்.