அக்காவின் கைக்கு நுணாப் பிடி

அக்கா உலக்கை பிடித்து நெல் குத்திக்கொண்டிருந்தார். பார்த்ததும் எனக்குப் பளிச்சென்றது. உலக்கை பிடிக்கிற கையில் அரிவாள் ஏன் நிற்கவில்லை? பிடி ஒல்லி! மடங்காத விரலுக்குப் பருத்த பிடி வேண்டும்.

திருக்காட்டுப்பள்ளி அருகே பண்ணையாள் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தவர் அக்கா. பெற்றோர் மறைந்தபின் நடவுக்கும் களைக்கும் போய் என்னைப் பாலிடெக்னிக்கில் சேர்த்தார். கூலி உயர்வு கேட்டு நின்றபோது விழுந்த அடியில் வலக்கையில் இரு விரல்கள் மடங்காமல் போயின. பின்னர் நில உச்சவரம்புச் சட்டத்தில் ஊர் மிராசுதாரிடமிருந்து எடுத்த நிலத்தில் ஒரு துண்டுக்கு அவர் பெயரில் பட்டா வந்தது. மிராசுதார் வீட்டார் விடவில்லை. "வெரலு செத்தவ எப்படி அறுப்பா? பேருதான் அவளுது, பயிரு வேற ஆளுது" என்று மனுப் போட்டார்கள். அறுப்பன்று நேரில் வந்து பார்ப்பதாகத் தாசில்தார் ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். அக்கா தாமே இறங்கி அறுக்காவிட்டால் நிலம் போய்விடும். அப்போது நடவு முடிந்திருந்தது; அறுப்புக்குள் அவர் கையில் அரிவாள் நிற்கவேண்டும்.

முதலில் கருவேலங்கட்டையில் பருமனாகச் செதுக்கினேன். அக்கா வீசிப் பார்த்தார்.

"ஏன்டா, இது அரிவாளா, உரலா? மாட்டுக் கழுத்து வலிக்கக் கூடாதுன்னு நொகத்தடிய லேசான நுணா மரத்துல செய்யிறாங்க. அக்கா கைன்னா ஒனக்கு எளப்பமா?"

நுணாவை வெட்டியவன், ஈரம் காயாத பச்சைக் கட்டையிலேயே, பிடிக்குள் போகும் அரிவாளின் காம்பை இறக்கிவிட்டேன். காய்ந்ததும் கட்டை வெடித்தது.

"வாயப் பொளந்துட்டுதே! பாலிடெக்னிக்ல இதான் சொல்லித் தராங்களா?"

அடுத்த கட்டையை வாய்க்காலில் ஊறப்போட்டு, நிழலில் காயவிட்டேன். ஊர்க் கொல்லர் காம்பைப் பழுக்கக் காய்ச்சி இறக்கிப் பூண் போட்டார். அக்கா பிடித்துக் காட்டக் காட்ட, விரல் உட்காரும் இடங்களைக் கண்ணாடிச் சில்லால் சுரண்டினேன். மெருகேற்றப் போனேன். "வேணாம்டா, ஈரக் கையில வழுக்கும்" என்று தடுத்துவிட்டார்.

அறுப்பன்று அதிகாரிகளும் மிராசுதார் வீட்டு ஆட்களும் வரப்பில் நின்றார்கள். கிழக்கே கும்பிட்டு இறங்கிய அக்கா, குனிந்தவர் நிமிரவேயில்லை. பாதி வயலிலேயே மிராசுதாரின் கணக்குப்பிள்ளை, "போதும்மா, பாத்தாச்சு" என்றார்.

"இருங்க, இன்னும் பாதி கெடக்கு. அவசரம்னா நீங்களும் எறங்குங்க!"

வரப்பே சிரித்தது. நிலம் நிலைத்தது.

அதில் சில போகங்களே அவர் அறுத்தார். பிறகு மஞ்சள் காமாலை. படுக்கையிலும், நாற்றங்காலுக்குத் தண்ணீர் வந்துவிட்டதா என்றுதான் கேட்டார். தஞ்சை ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டி வந்த அண்டை வீட்டார், இரவு பகலாகக் கூட இருந்த சித்தி, கொல்லர், தோள் கொடுத்த உறவினர் அனைவரையும் இம்முதலாண்டு நினைவுநாளில் கைகூப்பி வணங்குகிறேன்.

சித்திக்கு இப்போது வலக்கை வாதத்தில் விழுந்துவிட்டது. மாட்டுக்குப் புல்லறுக்க இடக்கைக்கு ஓர் அரிவாள் கேட்கிறார். பிடியை மட்டும் மாற்றினால் போதாது, அரிவாளின் பல்லையும் திருப்பி வெட்டவேண்டும். கொல்லர் இதுவரை அப்படி வெட்டியதில்லை. நாளை உலை மூட்டி இருவருமாகச் செய்து பார்க்கப் போகிறோம்.