பங்கருக்குள் இரண்டு பஞ்சு

என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, வெல்லாவெளிப் பக்கம் போனால் வீட்டுக்குத் தேவையில்லாத ஏதாவது ஒன்றோடுதான் திரும்புவார். ஒருமுறை முள் இல்லாத மணிக்கூடு. எனக்கு ஒன்பது வயதான வருடம், புல்லால் பின்னிய ஒரு பன்பைக்குள் மூன்று வெள்ளை முயல்கள். மூன்றும் ஒரே மாதிரி இருந்ததால் மூன்றுக்கும் பஞ்சு என்றே பேர் வைத்தேன். எந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் அவை வரப்போவதில்லை என்பதால் அதில் குழப்பம் ஒன்றும் வரவில்லை.

அப்பா முருங்கை மரத்தடியில் பலகையால் கூடு அடித்து, மழை நனைக்காமல் மேலே தகரமும் போட்டுத் தந்தார். மழை வரவில்லை. கச்சான் காற்றுத்தான் வந்தது. அது மேற்கே காய்ந்த வயல்களைத் தாண்டி, வாவியையும் தாண்டி, தேற்றாத்தீவுக்கு வந்து சேரும்போது அடுப்படியில் குனிந்து நிற்பதுபோல முகம் எரியும். கிணற்றடி வாழைகள்கூடக் கருகித் தொங்கின.

நாலாம் நாள் மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால், ஒரு பஞ்சு கால்களை நீட்டிப் படுத்திருந்தது. காதைத் தொட்டேன், கொதித்தது. அம்மா ஈரத்துணியைக் காதில் சுற்றி மடியில் வைத்திருந்தார். பொழுது சாய முன்னமே அது செத்துப்போனது.

“தகரத்துக்குக் கீழ வச்சு அவிச்சுப்போட்டமே,” என்றார் அம்மா. மாமா ஏறித் தகரத்தைக் கழற்றிவிட்டுத் தென்னங்கிடுகு வேய்ந்தார். அப்படியும் மற்ற இரண்டும் மத்தியானத்தில் வாயைத் திறந்து மூச்சு வாங்கின. நான் விசிறியோடு பக்கத்தில் குந்தியிருந்து சூடான காற்றையே அவற்றுக்குத் திருப்பி வீசிக்கொண்டிருந்தேன்.

குளிர்ந்த இடத்தைக் கண்டுபிடித்தது எங்கள் நாய். தினமும் மத்தியானம் காணாமல்போய்ப் பின்னேரம் வரும். ஒருநாள் அதன் வயிற்றைத் தடவினேன். ஊரே வெந்துகொண்டிருக்க அது மட்டும் சில்லென்றிருந்தது. அடுத்தநாள் பின்னாலேயே போனேன். அது நேரே எங்கள் பங்கருக்குள் இறங்கியது.

ஆமி ஹெலிகொப்டர் வந்து சுட்டால் ஓடிப் பதுங்குவதற்காக வீட்டுக்குப் பின்னால் அப்பா வெட்டியிருந்த பங்கர் அது. மேலே தென்னங்குற்றி, அதற்கு மேலே மண்மூட்டை. பல மாதங்களாக ஹெலி வரவில்லை. என்றாலும் அம்மா கிழமைக்கு ஒருமுறை கூட்டிப் பாய் விரித்து, குடத்தில் தண்ணீர் மாற்றி வைப்பார். அங்கே விளையாடப் போகக்கூடாது என்பது கட்டளை. முயலைக் காப்பாற்றுவது விளையாட்டில் சேராது என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன்.

பிறகென்ன, ஒவ்வொரு மத்தியானமும் இரண்டு பஞ்சையும் சட்டைக்குள் பொத்திக்கொண்டு போய் உள்ளே விடுவேன். பின்மூலையில் ஈரச்சாக்கு, சிரட்டையில் தண்ணீர், வாசலுக்கு ஒரு பலகை. அம்மா பார்க்காமலிருக்க, கிழமைக்கு ஒருமுறை கூட்டும் வேலையையும் நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். நாலு நாளில் இரண்டும் தேறிவிட்டன. மாமா ஒருநாள் கையும் மெய்யுமாகப் பிடித்தார்.

“மருமகள், சட்டைக்குள்ள என்ன துள்ளுது?”

விசயத்தைச் சொன்னேன். அவர் அம்மாவிடம் சொல்லவில்லை. அடுத்தநாளிலிருந்து ஒரு கட்டுக் கங்குன் கீரையோடு வரத் தொடங்கினார்.

ஒரு மாதம் போயிருக்கும். ஒரு சனிக்கிழமை மத்தியானம், அப்பா கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார், அம்மா கறி கூட்டிக்கொண்டிருந்தார். வாவிப் பக்கமிருந்து அந்தச் சத்தம் வந்தது.

“ஹெலி! ஓடுங்க, ஓடுங்க!” என்று அப்பா கத்தினார்.

அம்மா என்னை இழுத்துக்கொண்டு ஓடினார். வாசல் பலகையை அப்பா காலால் தள்ளினார். உள்ளே இருட்டு. அம்மா பின்மூலைக்குப் போய், என்னையும் அணைத்துக்கொண்டு, ஈரச்சாக்கின்மேல் உட்கார்ந்தார். சாக்குத் துள்ளியது.

“ஐயோ, பாம்பு!”

ஹெலி தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருக்க, அம்மா வெளியே பாய்ந்தார். உள்ளே வந்துகொண்டிருந்த மாமாவோடு மோதி, இருவரும் வாசலில் இறுகி நின்றார்கள். அப்பா எட்டி இருவரையும் உள்ளே இழுத்தார். நாய் குரைத்தது. அப்போது ஒரு பஞ்சு அப்பாவின் மடியில் வந்து ஏறியது. அப்பா அதைக் காதில் பிடித்துத் தூக்கி, “அடியேய், இந்தா உன்ட பாம்பு,” என்றார். முதலில் மாமா சிரித்தார். அம்மா அவருக்கு முதுகில் ஒன்று போட்டுவிட்டுத் தானும் சிரித்தார். நான் மட்டும் சிரிக்கவில்லை. ஹெலி போன பிறகு விழப்போகும் அடியைப் பற்றித்தான் எனக்குப் பயம்.

ஹெலி ஒன்றும் செய்யாமல் போய்விட்டது. அடியும் விழவில்லை. ஆனால் மற்றப் பஞ்சைக் காணவில்லை. சாக்கைத் தூக்கினோம். பின்சுவரில் ஒரு துளை இருந்தது. வெளியே சுற்றிப் போய்ப் பார்த்தால், தேசிமரத்தடியில் அதன் மறுவாய் திறந்திருந்தது. பக்கத்தில் பஞ்சு ஆறுதலாக இருந்து புல் கடித்துக்கொண்டிருந்தது. ஒரு மாதமாக அது வேலை செய்திருக்கிறது.

அப்பா குப்புறப் படுத்துத் தோள்வரை கையை அந்தத் துளைக்குள் விட்டுப் பார்த்தார். எழும்பியவர் மண்ணைத் தட்டவும் இல்லை. பங்கர் வாசலைப் பார்த்தார், திரும்பித் துளையைப் பார்த்தார்.

“ஒரு வாசல் போதாதெண்டு முயலுக்கு விளங்கியிரிக்கு, அத்தான். நமக்கு விளங்கல்ல,” என்றார் மாமா.

அடுத்தநாளே அப்பா அந்தத் துளையை மண்வெட்டியால் பெருப்பிக்கத் தொடங்கினார். அந்தக் கச்சான் வெயிலில் அவரும் மாமாவும் மாறி மாறி வெட்டினார்கள். குற்றி தறித்து வைத்து, ஓர் ஆள் குனிந்து போகுமளவுக்கு இன்னொரு வாசல் வந்தது. நான் அவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோனேன்.

“முயலுக்குக் காத்து வரவா அப்பா?”

அப்பா செம்பைக் கீழே வைத்தார். “ஓம் மகள். காத்து வரத்தான்.”

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. முயலுக்காகப் பங்கரில் வாசல் வெட்டிய அப்பா வேறு யாருக்கு இருக்கிறார் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

வேலை முடிந்த அன்று அம்மா முன்வாசலால் இறங்கிப் பின்வாசலால் வெளியே வந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, சுவரைத் தடவித் தடவி அதே மாதிரி வரச் சொன்னார். இது நல்ல விளையாட்டாக இருக்கிறதே என்று நான் ஒரு பஞ்சையும் தூக்கிக்கொண்டு இறங்கினேன். தேசிமரத்தடியில் தலையை நீட்டிக் கூவினேன்.

“இன்னொருக்கா போ, மனே,” என்றார் அம்மா.

மறுபடியும் போனேன். பத்துத்தரமாவது போயிருப்பேன், ஒவ்வொரு தரமும் சிரித்துக்கொண்டே. அம்மா பின்வாசலில் குந்தியிருந்து, நான் வெளியே வரும்வரை மெல்லிய குரலில் எண்ணிக்கொண்டிருந்தார். இவ்வளவு நல்ல விளையாட்டில் அவர் ஏன் ஒரு தரம்கூடச் சிரிக்கவில்லை என்று எனக்கு அன்று விளங்கவில்லை.