பிழைக்க வேண்டிய செல்கள்

அன்று காலை இன்குபேட்டரிலிருந்து தட்டுகளை எடுத்துப் பார்த்தபோது புற்றுநோய் செல்கள் கொத்துக்கொத்தாகச் செத்துக் கிடந்தன. என்னோடு வேலை பார்த்த மௌசுமிதி, அதாவது மௌசுமி அக்கா, மைக்ராஸ்கோப்பை விட்டு நகரவே இல்லை.

கொல்கத்தாவில் ஜாதவ்பூர் பக்கம் எங்கள் லேப். கதிர்வீச்சு பட்டால் செல்லின் டிஎன்ஏ அறுந்துபோகும். சில புற்றுநோய் செல்கள் அறுந்ததை ஒட்டிக்கொண்டு பிழைத்துவிடும். ஒட்டுவதற்கு ஒரு புரதம் வேண்டும். அந்தப் புரதத்தை உருவாகவிடாமல் தடுக்கும் மைக்ரோஆர்என்ஏ என்ற குட்டி மூலக்கூறைத்தான் செல்லுக்குள் அனுப்பி, கதிர்வீச்சும் கொடுத்திருந்தோம்.

லேப் தலைவருக்குத் தலைகால் புரியவில்லை. "பேப்பர் எழுத ஆரம்பிங்க!"

"சார், நல்ல செல்லுல இன்னும் போட்டுப் பாக்கலையே," என்றேன்.

அவர் முகம் சுருங்கியது. "சரி, பாரு."

பார்த்தேன். நல்ல செல்களும் செத்தன. தலைவர் அறைக்குள் போய்விட்டார். எனக்கு அழுகை வந்தது. மௌசுமிதிதான் டீ வாங்கிக் கொடுத்து யோசனை சொன்னார். டிஎன்ஏவை ஒட்ட நல்ல செல்லுக்கு இரண்டு வழி உண்டு. சில கட்டிகளில் ஒரு வழி ஏற்கெனவே கெட்டிருக்கும். அப்படிப்பட்ட கட்டியை எடுத்து, கதிர்வீச்சையும் மைக்ரோஆர்என்ஏவையும் குறைத்துப் போட்டால்? மிச்சமிருக்கும் ஒரு வழியும் அடைபட்டுக் கட்டி மட்டும் சாகலாம்.

மாதக்கணக்கில் அளவை மாற்றி மாற்றிப் போட்டோம். கடைசியில் ஒரு கருப்பைக் கட்டியின் செல்கள் செத்தன. பக்கத்துத் தட்டில் நல்ல செல்கள் சௌக்கியமாகப் பரவி வளர்ந்துகொண்டிருந்தன. தலைவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நல்லவேளை, அன்னிக்கு நீ கேட்டே," என்றார்.

சாயங்காலம் வழக்கமாகச் சாப்பிடும் டிபன் கடைக்குப் போனேன். கடைக்கார ராஜம் அக்காவுக்குக் கருப்பையில் கட்டி வந்து ஆபரேஷன் ஆகியிருந்தது. எடுத்த கட்டியை ஆராய்ச்சிக்குக் கொடுத்திருந்தார். லேபுக்கு வரும் மாதிரியில் பெயர் இருக்காது, வெறும் எண்தான். விஷயத்தைச் சொன்னேன்.

"அது என்னோடதாத்தான் இருக்கும்," என்றார் அக்கா.

"யாரோடதுன்னு எங்களுக்குத் தெரியாதுக்கா. இது மருந்தா வரவும் இன்னும் ரொம்ப வருஷம் ஆகும்."

"ஆகட்டுமே. என்னோடதுன்னே வெச்சுக்கறேன். உனக்கென்ன நஷ்டம்?" என்று சிரித்தபடி தோசையைத் திருப்பினார்.

புதிதாக லேபுக்கு வருகிறவர்களிடம் நான் ஒன்றுதான் சொல்வேன். கொல்வது பெரிய வேலை இல்லை, ஆசிட் ஊற்றினாலும் செல் சாகும். முதலில் பிழைக்க வேண்டியது பிழைத்திருக்கிறதா என்று பாருங்கள்.